கேட்காமல் கிடைத்தவை, கேட்டால்தான் கிடைப்பவை: ஒரு ஷூ கம்பெனித் தொழிலாளியின் ஆறு ஆண்டுகள்

வேலை செய்யும் இடத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்று சொல்வதற்கு நம்மிடம் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1961இல் மகப்பேறு பயன் சட்டம், 1976இல் சம ஊதியச் சட்டம், 2013இல் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2017இல் பேறுகால விடுப்பை 26 வாரமாக்கிய திருத்தம், 2021இல் மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து. பட்டியல் இன்னும் நீளும். இவை எல்லாவற்றுக்கும் தகுதி உள்ள ஒரே ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டு, எது அவர் கைக்கு வந்தது, எது வழியிலேயே நின்றது என்று பார்த்தால் என்ன தெரியும்? அதற்காகத்தான் இந்த நிகழ்வு ஆய்வு.

நான் வேலூரில் தொழிலாளர் வழக்குகள் பார்க்கும் வழக்கறிஞர். சில கம்பெனிகளில் பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவில் வெளி உறுப்பினராகவும் இருக்கிறேன். இந்தப் பெண்ணைச் சந்தித்தது அப்படி ஒரு குழுவுக்கான பயிற்சி வகுப்பில்தான். அவர் புகார் எதுவும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இதை எழுதியிருக்க முடியாது. 2013 சட்டத்தின் 16ஆம் பிரிவு புகாரின் உள்ளடக்கத்தையோ சம்பந்தப்பட்டவர்களின் அடையாளத்தையோ வெளியிடக் கூடாது என்கிறது. அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் ஊர், கம்பெனி, சில சின்ன விவரங்கள் எல்லாவற்றையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

இந்த வட்டாரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. பழைய வட ஆற்காடு 1989இல் பிரிந்தது. மிச்சமிருந்த வேலூர் 2019 நவம்பரில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. தோல் தொழிலுக்கு அந்த எல்லைகள் கிடையாது. மேல்விஷாரத்திலிருந்து பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் ஷூ கம்பெனிகளும் நெடுகிலும் இருக்கின்றன. தோல் பதனிடுவதில் ஆண்கள் அதிகம், ஷூ தைப்பதில் பெண்கள் அதிகம். 2019-20ஆம் ஆண்டின் தொழிற்சாலைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் பெண்களில் சுமார் 43 விழுக்காட்டினர் தமிழ்நாட்டில்தான் இருந்தார்கள். பெண்கள் வேலைக்கு வருவதில்லை என்ற வருத்தம் மற்ற மாநிலங்களுக்குப் பொருந்தலாம். நம் ஊர்ப் பிரச்சினை வேறு. வருகிறார்கள், நடுவில் காணாமல் போகிறார்கள், திரும்பி வரும்போது அடிமட்டத்திலிருந்து தொடங்குகிறார்கள்.

வேலையும் விடுப்பும்

அவருடைய ஊர் பாலாற்றை ஒட்டிய ஒரு கிராமம். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். 2018 ஜூனில் ஒரு ஏற்றுமதி ஷூ கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தார். பசை தடவுவது, நூல் வெட்டுவது, கட்டிங் பிரிவிலிருந்து வரும் தோல் துண்டுகளை ஜோடி பார்த்து அடுக்குவது போன்ற டேபிள் வேலைகளில் தொடங்கி ஒன்றரை வருடத்தில் மிஷினுக்குப் போனார். அப்பர், அதாவது ஷூவின் மேல்பகுதி, தைக்கும் போஸ்ட் பெட் மிஷினில் (தையல் மேடை தூண் போல உயர்ந்திருக்கும் மிஷின்) வளைவு பிசகாமல் தைக்க வருடக்கணக்கில் கை பழக வேண்டும். அது அவருக்கு வந்துவிட்டது. மாதச் சம்பளம் பன்னிரண்டாயிரத்தை ஒட்டி இருந்தது. கம்பெனி வேன் ஊருக்கே வந்து கூட்டிப்போய் விடும்.

2021 கடைசியில் பேறுகால விடுப்பில் போனார். இரண்டாவது குழந்தை. மூத்தவன் பிறந்தபோது அவர் வேலையிலேயே இல்லை. இந்தத் திட்டம் அவர் விஷயத்தில் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாக வேலை செய்தது.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இஎஸ்ஐ என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் வருவார்கள். தொழிலாளியிடம் 0.75 விழுக்காடு, முதலாளியிடம் 3.25 விழுக்காடு. இவர் சம்பளத்தில் பிடித்தம் மாதம் 90 ரூபாய், கம்பெனி கட்டியது 390 ரூபாய். விடுப்புக்கு முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒன்று ஆறு மாதம்) 70 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால் போதும். 26 வாரத்துக்கும் சராசரிச் சம்பளம் முழுதாக வந்துவிடும். இவருக்கு எழுபதாயிரம் ரூபாயை ஒட்டிய தொகை நேராக வங்கிக் கணக்கில் ஏறியது. சூப்பர்வைசரிடமோ ஹெச்ஆரிடமோ போய் நிற்க வேண்டியிருக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது பணம் எங்கிருந்து வருகிறது என்பது. இஎஸ்ஐ பெண் தொழிலாளி, ஆண் தொழிலாளி எல்லாருடைய சந்தாவையும் ஒன்றாகச் சேர்த்து வைத்து அதிலிருந்து கொடுக்கிறது. விடுப்பில் போகும் பெண்ணின் சம்பளம் அந்தக் கம்பெனியின் கல்லாவிலிருந்து போவதில்லை. அதனால் கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்க முதலாளி யோசிக்க ஒரு காரணம் குறைகிறது. இஎஸ்ஐ வரம்புக்கு வெளியே இருக்கும் பள்ளி, கடை, நிறுவனங்களில் 1961 சட்டத்திலும் 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் முழுச் சம்பளத்தையும் முதலாளியே தர வேண்டும். அங்கேதான் நேர்முகத் தேர்வில் "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்ற கேள்வி முதலில் வருகிறது. 26 வாரம் என்ற எண் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். செலவை யார் தலையில் கட்டினார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில்

2022 கோடையில் வேலைக்குத் திரும்பினார். குழந்தைக்கு ஆறு மாதம்.

அங்கன்வாடியில் குழந்தையைச் சேர்ப்பது இரண்டு வயதுக்கு மேல்தான். ஆக, சட்டம் தரும் விடுப்பு முடியும் நாளிலிருந்து அங்கன்வாடி திறக்கும் வயது வரை ஒன்றரை வருட இடைவெளி இருக்கிறது. அதை நிரப்பத்தான் குழந்தைக் காப்பகம். தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் காப்பகம் வேண்டும் என்று 1948இலேயே சொல்லிவிட்டது, 1976இல் அந்த எண் முப்பதானது. 2017 திருத்தம் ஆணோ பெண்ணோ 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்துக்கும் அதை விரித்தது. தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்றது. வேலைக்குச் சேரும்போதே இந்தப் பயன்களை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் ஒரு வரி உண்டு. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் ஒரு தையல் தொழிலாளியை நான் இன்னும் பார்க்கவில்லை.

அவருடைய கம்பெனியில் காப்பகம் இருந்தது. வரைபடத்தில் இருந்தது, கதவின் மேல் பலகையும் இருந்தது. உள்ளே அட்டைப்பெட்டிகள். வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் ஆடிட் வரும் நாட்களில் பெட்டிகள் வெளியே போய் பொம்மைகள் உள்ளே வரும். இது தோல் தொழிலில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. கேட்டால், "யாரும் குழந்தையைக் கொண்டு வரலை மேடம், ஆள் வந்தா திறந்திடுவோம்" என்பார்கள். அதுவும் முழுப் பொய் இல்லை. யாரும் கொண்டு வரவில்லைதான். ஏன் வரவில்லை என்பது பிறகு தெரிந்தது.

மாமியார் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். அந்த வருடக் கடைசியில் அவர் கீழே விழுந்து இடுப்பில் அடிபட்டது. அதற்கப்புறம் வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் ஒருவருக்கு இருவர் ஆனார்கள். 2022 டிசம்பரில் வேலையை விட்டார். "லீவு கேட்டேன், பத்து நாள் தர்றேன்னாங்க. பத்து நாள்ல இடுப்பு எலும்பு சேருமா மேடம்?" என்றார்.

இங்கே பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கு ஒன்று இருக்கிறது. பணிக்கொடை பெற ஐந்து ஆண்டுத் தொடர்ச்சியான சேவை வேண்டும். ஐந்தாவது ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 1998இல் ஒரு தீர்ப்பு தந்திருக்கிறது. பேறுகால விடுப்பு நாட்களும் சேவையில் சேரும். இவர் முடித்தது நான்கு வருடம், ஆறு மாதம். இன்னும் இரண்டு, இரண்டரை மாதம் தாக்குப்பிடித்திருந்தால் தகுதி வந்திருக்கும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் பத்தாயிரம் என்று வைத்தால் சுமார் 29,000 ரூபாய். இதை அவரிடம் சொல்ல அங்கே யாரும் இல்லை. ராஜினாமாக் கடிதம் அச்சடித்துத் தயாராக இருந்தது, கையெழுத்துப் போட்டார்.

திண்ணையில் அப்பர்

அடுத்த ஒன்பது மாதம் வீட்டிலிருந்தே வேலை. கையால் தைக்கும் மொக்கசின் வகை ஷூவின் அப்பரை ஏஜென்ட் கொண்டு வந்து தருவார், தைத்துக் கொடுத்தால் ஜோடிக்கு இவ்வளவு என்று காசு. ஆம்பூர் பக்கத்துக் கிராமங்களில் இந்த வேலை பல வீடுகளில் நடக்கிறது. குடியாத்தத்திலும் பேரணாம்பட்டிலும் பீடி சுற்றும் வீடுகளைப் போலத்தான் இதுவும். ஆனால் பீடித் தொழிலாளருக்கு அப்போது 1966ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது (2025 நவம்பரில் அது புதிய தொகுப்புக்குள் போனது), அடையாள அட்டை, பிஎஃப் என்று ஏதோ கொஞ்சம் கிடைத்தது. அப்பர் தைப்பவருக்கு அதுவும் இல்லை. அதே கை, அதே தையல், அதே ஷூ. கம்பெனி கேட்டுக்கு வெளியே வந்ததால் இஎஸ்ஐ இல்லை, குறைந்தபட்சக் கூலி இல்லை, ஊசி குத்தினால் கேட்க நாதி இல்லை.

ஒரு வழி இருந்தது. 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் காலணி, தோல் பொருள், தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கு என்றே ஒரு நல வாரியம் தமிழ்நாட்டில் இருக்கிறது. பதிவு செய்தால் உதவிகள் உண்டு. இவர் பதிவு செய்யவில்லை, அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஏஜென்ட்டுக்குத் தெரிந்திருக்கலாம். சொல்வதில் அவருக்கு என்ன லாபம்?

வேனில் இடமில்லாத குழந்தை

2023 நடுவில் ஒரு பெரிய வாடிக்கையாளரின் ஆடிட் கொஞ்சம் கெடுபிடியாக நடந்தது. காப்பகத்தில் குழந்தைகளின் வருகைப் பதிவேட்டைக் கேட்டார்களாம். அதற்கப்புறம் பெட்டிகள் நிரந்தரமாக வெளியே போயின, ஆயா ஒருவர் வேலைக்கு எடுக்கப்பட்டார். அக்கம்பக்கத்தில் கேள்விப்பட்டு இவர் மறுபடி அதே கம்பெனிக்கு விண்ணப்பித்தார். 2023 செப்டம்பரில் சேர்ந்தார்.

முதல் நாளே ஒரு சிக்கல். கம்பெனி வேனில் குழந்தையை ஏற்ற மாட்டார்கள். இன்சூரன்ஸ் பிரச்சினை என்றார்கள், சீட் கணக்கு என்றார்கள். காப்பகத்துக்கு யாரும் குழந்தையைக் கொண்டு வராததன் ரகசியம் இதுதான்: அறை இருக்கிறது, அந்த அறைக்கு வருவதற்கு வழி இல்லை. சட்டம் காப்பகத்துக்குப் பரப்பளவு, காற்றோட்டம், பால் எல்லாம் சொல்கிறது. குழந்தை எப்படி வந்து சேரும் என்று சொல்லவில்லை.

இவரை அந்த இடத்தில் காப்பாற்றியது டவுன் பஸ். 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம், பிறகு விடியல் பயணம் என்று பெயர் பெற்றது, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் செல்லும். நெடுஞ்சாலையில் பறக்கும் எக்ஸ்பிரஸில் செல்லாது. அவர் ஊர் வழியாக ஒரு டவுன் பஸ் போகும், கம்பெனி நிறுத்தத்தில் நிற்கும். வேனைவிட முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டும். இடுப்பில் குழந்தை, தோளில் பை. டிக்கெட் கொடுத்துப் போக வேண்டியிருந்தால் மாதச் செலவைப் பார்த்து வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லியிருப்பார் என்கிறார். பஸ் ஓசி என்று கேலி பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். போக்குவரத்துத் துறைத் திட்டம் ஒன்று தொழிலாளர் துறைச் சட்டத்தின் ஓட்டையை அடைத்தது. இரண்டு துறைக்கும் இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

மறுபடி சேர்ந்ததில் இன்னொரு அடி விழுந்தது. பதவி: ஹெல்பர். சம்பளம்: புதிதாகச் சேருபவருக்கான சம்பளம். மிஷினில் உட்கார வைத்தார்கள், ஆபரேட்டர் வேலையையே வாங்கினார்கள், பேரேட்டில் ஹெல்பர். இதே கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் (அப்பரை அச்சில் இழுத்துப் பொருத்தும் பிரிவு) இருந்த ஆண் ஒருவர் வேறு கம்பெனிக்குப் போய் எட்டு மாதம் கழித்துத் திரும்பியபோது பழைய கிரேடிலேயே எடுத்துக்கொண்டார்கள். அவர் வெளியே இருந்த காலம் அனுபவமாகக் கணக்கானது. இவர் வெளியே இருந்த காலம் வெறும் இடைவெளி.

சம ஊதியச் சட்டம் என்ன செய்யும்? அது ஒரே வேலைக்கும் ஒத்த தன்மையுள்ள வேலைக்கும் ஒரே கூலி என்றது, ஆளெடுப்பில் பாகுபாடு கூடாது என்றது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பும் இதைத்தான் சொல்கிறது. ஷூ கம்பெனியில் கட்டிங்கும் லாஸ்டிங்கும் பெரும்பாலும் ஆண்கள், தையலும் டேபிளும் பெண்கள். வேலையையே பிரித்து வைத்துவிட்டால் ஒப்பிட ஆள் இல்லை. தையல் ஆபரேட்டருக்கு லாஸ்டிங் ஆபரேட்டரைவிடக் கூலி ஏன் குறைவு என்று கேட்டால் "அது வேற வேலை" என்ற ஒரே பதிலில் சட்டம் வாயடைத்துப் போகும். கனமான மிஷின் என்பார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அரை மில்லிமீட்டர் பிசகாமல் தைப்பதன் கனத்தை அளக்க யாரும் தராசு வைத்திருக்கவில்லை.

கமிட்டி

சரி, கேட்க ஒரு இடம் இல்லையா? பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் ஒரு மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகார் மூன்று மாதத்துக்குள், விசாரணை 90 நாளுக்குள், பரிந்துரை மீது நடவடிக்கை 60 நாளுக்குள். குழு அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். முதலாளி மீதே புகார் என்றாலோ பத்து பேருக்குக் குறைவான இடம் என்றாலோ மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. மூன்று மாவட்டமாகப் பிரிந்ததில் ஒரு குழப்பம் உண்டு: குடியிருப்பது ஒரு மாவட்டம், வேலை வேறு மாவட்டம் என்று இருப்பவர்கள் ஏராளம். வேலை நடக்கும் மாவட்டத்துக் குழுவிடம்தான் போக வேண்டும்.

இந்தக் கம்பெனியிலும் குழு முறையாகத்தான் இருந்தது. பெயர்ப்பலகை ஹெச்ஆர் அறை வாசலில், ஆங்கிலத்தில். கூப்பிட்டு அனுப்பினால் ஒழிய எந்தத் தையல் தொழிலாளியும் அந்தப் பக்கம் போவதில்லை. அங்கே நின்று ஒருத்தி படித்தால், மதியத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். வேனில் கூட வருபவர்கள் பக்கத்துத் தெரு, சூப்பர்வைசர் கணவருக்குத் தெரிந்தவர். எழுதத் தெரியாதவருக்குப் புகார் எழுத உதவ வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. தயங்குவது எழுத்துக்காக மட்டும் இல்லை. வெளி உறுப்பினரான எனக்கான படியைத் தருவதும் அதே கம்பெனிதான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். விதிப்படி அது நாளுக்கு 200 ரூபாயும் பயணச் செலவும். அதில் யாரும் பணக்காரராகிவிட முடியாது. ஆனாலும் தொழிலாளி பார்வையில் நான் கம்பெனி காரில் வந்து இறங்கும் மேடம்.

2024இல் நடந்த பயிற்சி வகுப்பில் தொடுதல், பேச்சு, செல்போன் படம் என்று எல்லாவற்றையும் விளக்கிவிட்டுக் கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். நீண்ட மௌனம். அப்புறம் பின்வரிசையிலிருந்து இவர் எழுந்து, "வெளிய போயிட்டு மறுபடி சேந்தா பழைய சர்வீஸ் சேருமா மேடம்?" என்று கேட்டார். அடுத்தவர் கழிப்பறைக்கு டோக்கன் முறை பற்றி, இன்னொருவர் வேனில் குழந்தை பற்றி. வகுப்பின் தலைப்பு பாலியல் துன்புறுத்தல், ஒரு கேள்விகூட அதைப் பற்றி இல்லை. துன்புறுத்தல் அங்கே நடக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. யாரும் பழி சொல்லாத கேள்விகளை வைத்து அந்த அறையை அவர்கள் முதலில் சோதித்துப் பார்த்தார்கள் என்றே எனக்குத் தோன்றியது.

நிர்வாகத்திடம் பேசினேன். மேலாளர் கோபப்படவில்லை, கெட்டவரும் இல்லை. "வேலையை விட்டுட்டு வந்தா எல்லாருக்கும் புது சர்வீஸ்தான் மேடம், ஆம்பளைக்கும் அதே ரூல்" என்றார். விதி ஒன்றுதான். மாமியார் விழுந்ததற்கு வேலையை விட்ட ஆண் ஒருவரைக் காட்டுங்கள் என்று கேட்டேன், சிரித்தார். லாஸ்டிங்காரரின் கிரேடு பற்றிக் கேட்டபோதுதான் பேச்சு நகர்ந்தது. அடுத்த சம்பள உயர்வின்போது இவருக்கு ஆபரேட்டர் கிரேடு தந்தார்கள். முன்தேதியிட்டுத் தரவில்லை. பழைய சேவையைச் சேர்க்க மறுத்துவிட்டார்கள், சட்டப்படி கட்டாயப்படுத்தவும் இடமில்லை.

என் கணிப்பு

இந்த ஆறு வருடத்தில் அவருக்கு உண்மையிலேயே உதவியவை மூன்று. இஎஸ்ஐ பணம், டவுன் பஸ், பிஎஃப். வேலையை விட்டுவிட்டு வந்தும் அதே எண்ணில் பிஎஃப் தொடர்ந்தது. மூன்றிலும் அவர் யார் முன்னாலும் நின்று எதையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தகுதி இருந்தது, கிடைத்தது. தேவைப்பட்ட நேரத்தில் உதவாதவை காப்பகம், சம ஊதியம், புகார்க் குழு, நல வாரியம். நான்கிலும் அவர் வாய் திறந்தால்தான் சட்டம் அசையும். வாய் திறக்கும் விலை என்ன என்பது லைனில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

அவர் தங்கை வேலூரில் ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறார். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு சட்டம் திருத்தியது. கடையில் ஸ்டூல் வந்துவிட்டது, உட்கார்ந்தால் மேனேஜர் பார்ப்பார். இதுவும் அதே ரகம். ஒன்றை அனுமதிப்பது மட்டும் சீக்கிரம் நடக்கிறது. பெண்களின் இரவு வேலைக்குத் தடை போட்ட பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000இலேயே நீக்கி, போக்குவரத்து, பாதுகாப்பு என்று நிபந்தனைகள் போட்டது. அனுமதி நினைவிருக்கும் அளவுக்கு நிபந்தனைகள் யாருக்கும் நினைவில்லை.

புதுச் சட்டம் வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இருப்பதையே கேட்காமல் கிடைப்பதாக மாற்றலாம். ஒவ்வொரு தொழிற்சாலையிலும் எத்தனை பேர் பேறுகாலப் பயன் பெற்றார்கள் என்ற கணக்கு இஎஸ்ஐ அலுவலகத்தில் ஏற்கனவே இருக்கிறது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளர் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு காப்பகத்தின் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே போதும். நாற்பது தாய்மார், மூன்று குழந்தைகள் என்றால் மிச்சம் முப்பத்தேழு எங்கே என்று அவரே கேட்கலாம், எந்தப் பெண்ணும் கையெழுத்துப் போட வேண்டாம். கிரேடும் அப்படித்தான்: மிஷினில் உட்கார்ந்திருப்பவர் யார், பேரேட்டில் அவர் பதவி என்ன என்று ஒப்பிட ஒரு பிற்பகல் போதும். வெளிநாட்டு ஆடிட்டர் ஒரு பதிவேட்டைக் கேட்டதில் திறந்த கதவு, நம் ஆய்வாளர் கேட்டிருந்தால் ஐந்து வருடம் முன்பே திறந்திருக்கும். புகார்க் குழுவின் தொழிலாளர் உறுப்பினர்களை ஹெச்ஆர் நியமிக்காமல் லைன் வாரியாகத் தொழிலாளர்களே சொல்லட்டும் என்று என் குழுக்களில் கேட்டிருக்கிறேன். ஒரு கம்பெனி ஒப்புக்கொண்டது.

இன்றைய நிலவரம்: அவர் அங்கேயே வேலையில் இருக்கிறார், ஆபரேட்டர் கிரேடு. குழந்தை அங்கன்வாடிக்குப் போகிறது, அதனால் அவர் மறுபடி வேனில் வருகிறார். காப்பகத்தில் இப்போது சில குழந்தைகள் இருக்கின்றன, எல்லாருமே டவுன் பஸ் தடத்தில் உள்ள ஊர்க் குழந்தைகள். அவருடைய பணிக்கொடைக் கணக்கு 2023 செப்டம்பரிலிருந்து ஓடுகிறது; தகுதி வர 2028 ஆகும். வேனில் குழந்தைகளை ஏற்றுவது பற்றி நிர்வாகம் இன்னும் பதில் சொல்லவில்லை.